முனி எத்தனை வாட்டு?

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் வஜிஹா வாய்விட்டுச் சிரித்தாள். மேஜைக்கு எதிரே நின்ற பிரவீனாவின் முகம் வாடிப்போனது.

"என்னக்கா, செத்துட்டா?"

"சாவல. கண்ணுல சந்தனம் பூசிக்கினு உக்காந்துக்குது. வந்து பாரு."

ஹோம் தியேட்டர் பெட்டியில் டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் ஒரு உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதன்மேல் மஞ்சளாக ஒரு ஏடு காய்ந்திருந்தது; ஓரத்தில் குங்குமச் சிவப்பு. ஆயுத பூஜை அன்று பிரவீனாவும் அவளோடு தங்கியிருக்கும் மூன்று பெண்களும் மிக்ஸிக்குப் பொட்டு வைத்தார்கள், இண்டக்‌ஷன் அடுப்புக்கு வைத்தார்கள், ஹோம் தியேட்டருக்கும் வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். டிஸ்க்குக்கும் இரண்டு பக்கமும் பூசி, ஈரம் காயுமுன் உள்ளே தள்ளி ஓடவிட்டார்கள். அது சுழன்ற வேகத்தில் சந்தனம் பெட்டிக்குள் எல்லாத் திசையிலும் தெறித்துவிட்டது.

"ஆயுத பூஜை முடிஞ்ச மறுவாரந்தான் எனக்குத் தீவாளி" என்றாள் வஜிஹா. "கம்பெனியில ரோபோவுக்கே மாலை போடறானுங்க. நீங்க இதுக்குப் பொட்டு வெச்சதுல என்னா அதிசயம்?"

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டிய மூன்று கடைகளில் நடுக்கடை வஜிஹாவுடையது. இடப்பக்கம் பஞ்சர் கடை, வலப்பக்கம் சரோஜம்மாளின் டீக்கடை. மூன்றும் பேரிகை ஊர் வெங்கடப்பனின் இடம். பின்னால் தக்காளித் தோட்டம். அதைத் தாண்டி, அவரே தொழிற்சாலைப் பெண்களுக்காகக் கட்டிவிட்ட பத்து லைன் வீடுகள். ஒரு வீட்டுக்கு நாலு பேர். பிரவீனா அங்கேதான் இருக்கிறாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, காருக்குள் ஓடும் ஒயர்களை வரிசை பிசகாமல் கோத்துக் கட்டும் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள்.

வஜிஹாவுக்கு நாற்பது வயது. அப்பா மெஹபூப் பாஷா பழைய இரும்பு வியாபாரி. பிளஸ் டூ முடித்த கையோடு ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். பதினொரு வருஷம் சால்டரிங் வேலை. ஈயப் புகையை இழுத்து வெளியே தள்ளும் மின்விசிறி ஆறு மாதமாக ஓடவில்லை என்று ஒருநாள் கேட்டாள். மறுநாள் அவளுடைய அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு ஒரு கதவு சொன்ன பதில் அது. அவள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. அந்தக் கம்பெனி தன் கைக்குக் கற்றுக்கொடுத்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து கடை போட்டாள்.

டிஸ்க் பிளேயரை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்தில் போனில் ஒரு படம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். அந்த ஊர்க் கல்யாணங்களுக்கு ஸ்டூடியோக்காரர்கள் டிஸ்க்கில்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். லைன் வீட்டுப் பெண்களுக்கு வேறு காரணம். நாற்பது பேர் சேர்ந்து ஆட போன் சத்தம் போதாது. இந்தப் பெட்டியைப் பழசாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து ஆடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிற கால்கள் ஏழாவது நாள் ஆடக் கேட்கின்றன என்றால் அதை மறுக்க எவனுக்கும் உரிமை இல்லை.

"இரு, கை வெக்காத" என்றாள் வஜிஹா. பிரவீனா விரலை நீட்டியிருந்தாள்.

"பிளக்கத்தான் பிடுங்கியாச்சேக்கா."

"பிடுங்குனா மட்டும் போதாது. இதோ இந்தக் குண்டு டப்பா இருக்குது பாரு, இது பிடுங்குனப்புறமும் கரண்டைக் கட்டிப்புடிச்சு வெச்சுக்கும்." சின்ன பல்பு ஒன்றின் இரண்டு கம்பிகளையும் அந்தக் கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தாள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. "பாத்தியா? சிலபேரு ஸ்க்ரூ டிரைவர வெச்சு டப்புனு ஒரு தட்டு தட்டுவானுங்க. அது வீரம் இல்ல, திமிரு."

பஞ்சு சுற்றிய குச்சியைச் சுத்தம் செய்யும் ஸ்பிரிட்டில் நனைத்து, பிறந்த குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல் லென்ஸைத் துடைத்தாள். ஓடும்போது அதை நேருக்கு நேராகப் பார்க்கக் கூடாது என்று பிரவீனாவின் தலையைப் பின்னுக்குத் தள்ளினாள். பெட்டியை முதலில் நேராக மின்சாரத்தில் போடவில்லை; நடுவில் ஒரு நூறு வாட் பல்பு வழியாகப் போட்டாள். உள்ளே எங்காவது கம்பி கம்பியோடு ஒட்டியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி கருகாது. பல்பு லேசாகச் சிவந்து அடங்கியது. டிஸ்க் சுழன்றது. பறை முழக்கம் கடையை நிறைத்தது. பிரவீனா அங்கேயே ஒரு சுற்று சுற்றினாள்.

"யக்கா, இன்னொண்ணு. இதுல கை வச்சா சுள்ளு சுள்ளுங்குது."

அது உள்ளூரில் கூட்டிச் சேர்த்த இரும்புப் பெட்டி. ரெண்டு கம்பி ஒயர்தான் போட்டிருந்தார்கள். வஜிஹா அதை அறுத்து எறிந்துவிட்டு மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சைக் கம்பியைப் பெட்டியின் உடம்போடு முறுக்கினாள். உள்ளே கரண்டு கசிந்தால் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும், மனுஷி வழியாகப் போகாது.

"உங்க வூட்டு போர்டுல மூணாவது ஓட்டையில எர்த் இருக்குதா? இந்த பல்ப எடுத்துக்கினு போயி, கரண்டு ஓட்டையிலயும் மேல் ஓட்டையிலயும் வெச்சுப் பாரு. எரிஞ்சா எர்த் இருக்குது. ரப்பர் செருப்பு போட்டுக்க."

ஒயரோடு பழகிய கை பிரவீனாவுடையது. அரைமணியில் போன் வந்தது. "பளிச்சுனு எரியுதுக்கா!"

"அப்ப போட்டு ஆடுங்கடி" என்றாள் வஜிஹா. ஒரு வேலையை முழுசாக முடித்த சந்தோஷத்தில் சரோஜம்மாளிடம் இரண்டு டீ சொல்லி இரண்டையும் அவளே குடித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் அந்தப் பெட்டி பிரவீனாவை அடித்தது.

ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவிய ஈரக் கையோடு டிஸ்க் போடப் போயிருக்கிறாள். கை ஒட்டிக்கொண்டது. கூட இருந்த பிரியா, பிளாஸ்டிக் ஸ்டூலால் பிளக்கை அடித்துத் தள்ளினாள். அந்த ஸ்டூல் கைக்கு எட்டியதால் பிரவீனா உயிரோடு இருக்கிறாள். உள்ளங்கை வெந்துபோய், கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை வஜிஹா ஷட்டரைத் தூக்குமுன் வெங்கடப்பன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் அந்தப் பெட்டி. நாலு பேர் கூடினார்கள்.

"ஏமம்மா, இதுல என்னா வெச்சுத் தெச்ச? வெடிகுண்டா?" பெட்டியை மேஜைமேல் தொப்பென்று போட்டார். "ரிப்பேருக்கு முன்னாடி சுள்ளுனு இருந்துச்சாம். நீ கை வெச்சப்புறம் ஆளையே தூக்கிப் போட்டுக்குது. கரண்டி புடிக்கிற கையில ஸ்க்ரூ டிரைவர் குடுத்தா இப்படித்தான் ஆவும்."

"அண்ணா, பெட்டியப் பாக்கறதுக்கு ஒரு நாள் குடுங்க."

"நாளு எதுக்கு? எனக்குத் தெரியும். லைன் வூட்டுக்குப் பின்னால முனி இருக்குது. அந்தப் பக்கம் நாய் போனாக்கூடக் கத்திக்கினு ஓடுது. ஒரு கெடா வெட்டணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ இந்தக் கடைய காலி பண்ணணும். பொம்பள ரிப்பேரு இனிமே என் எடத்துல வாணாம்."

முனி அடித்ததென்றால் வஜிஹா எதற்குக் கடையைக் காலி செய்ய வேண்டும்? வஜிஹா செய்த தப்பென்றால் கிடா எதற்குச் சாக வேண்டும்? இரண்டு காரணமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தன. கூடியிருந்த நாலு பேரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. பெண்ணையும் பேயையும் சேர்த்துக் குற்றம் சொன்னால் இந்த நாட்டில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

வஜிஹாவின் உள்ளே மட்டும் ஒரு கேள்வி குடைந்தது. அந்த ஆள் சொன்னதில் ஒன்று உண்மை. அவள் கை வைப்பதற்கு முன் சுள்ளென்று இருந்தது. அவள் கை வைத்த பிறகு ஒரு பெண்ணின் உள்ளங்கை வெந்திருக்கிறது.

அன்று காலை முழுக்க வேறு வேலை தொடவில்லை. பெட்டியைப் பிரித்தாள். பிளக்கைப் பிரித்தாள். மூன்று கம்பியும் வைத்த இடத்தில் சரியாக இருந்தன. பல்பு வழியாகப் போட்டாள், நேராகப் போட்டாள், கசிவு பார்த்தாள். துளி இல்லை. கடைசியில் ஈரக் கையை இரும்பின்மேல் வைத்து, கண்ணை மூடி நூறு எண்ணினாள். சரோஜம்மாள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏய் வஜிஹா! உனுக்குப் பைத்தியமா? செத்துகித்துப் போனா உம் புருசனுக்கு நான் என்னா பதில் சொல்லுவன்?"

"ஃபியூஸ் போயிடுச்சுன்னு சொல்லு" என்றாள் வஜிஹா. அவளுடைய புருஷன் ஆமிர் லாரியில் ஆந்திராப் பக்கம் போயிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள். பெட்டி நல்ல பெட்டி. அப்புறம் எப்படி அடித்தது?

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். பிரவீனா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வஜிஹா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், பிரவீனா முந்திக்கொண்டாள்.

"யக்கா, பெட்டிய தூக்கிப் போட்டுறாதிய. அதுல ஒண்ணும் இல்ல. மொத மூணு நாளு நல்லாத்தான ஆடுனோம்."

"மூணு நாளு எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"நைட் ஷிப்டு வாரம்லா? பகல் பதினோரு மணிக்கு, தூங்கி எந்திச்சு. அப்ப லைன்ல பாதி வீடு பூட்டிக் கிடக்கும். நேத்துதான் மொத ஷிப்டுக்கு மாறுனோம். சாயங்காலம் நாலரைக்குப் போட்டேன்."

"நாலரைக்கு அங்க என்னா நடக்கும்?"

"என்ன நடக்கும், எல்லாரும் பஸ்ஸ விட்டு இறங்குவோம், பத்து வீட்லயும் கரண்டு அடுப்பப் போடுவோம். ஃபேன் நொண்டியடிக்கும். லைட்டு மங்கிப் போவும். அந்நேரந்தான் முனி உலாத்துதுன்னு ஓனர் சொல்லுவாரு. நாயும் அப்பந்தான் கத்தும்."

வஜிஹா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில் கிழவி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"நாயி எங்க கத்துச்சு? சரியா எந்த எடத்துல?"

"பின்னால, தண்ணி வராத போர் ஒண்ணு இருக்குல்லா, இரும்புக் குழாய் மட்டும் நீட்டிட்டு நிக்கும். அதுக்கு மஞ்சத்துணி சுத்தி வச்சிருக்காவ. அதுகிட்ட காலத் தூக்குனாப் போதும், வீல்னு கத்திட்டு ஓடும்."

"பிரவீனா, உன் வாயில சக்கரையப் போட!" என்று வஜிஹா அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. பதினொரு மணிக்கு அடிக்காத முனி நாலரைக்கு அடிக்கிறது. அடுப்பு எரிந்தால் அடிக்கிறது. ஷிப்டு நேரம் பார்த்து வேலைக்கு வருகிற முனி! வீட்டுக்கு வந்த மின்சாரம் வேலை முடிந்ததும் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது கம்பி. அந்தத் திரும்புகிற வழி அடைபட்டிருந்தால்? போர்க்குழாய் வழியாக மண்ணுக்குள் இறக்கி விட்டிருந்தால்? காய்ந்த மண்ணு, போதாத வழி. பத்து அடுப்பின் கரண்டும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நாய்க்குத் தெரிந்தது மனிதருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நாய்க்கு யாரும் முனிக் கதை சொல்லவில்லை.

அப்போது இன்னொன்றும் உறைத்தது. அவளுக்கு முகம் சுட்டது. பல்பை வைத்துப் பார்க்கச் சொன்னாளே, அந்தச் சோதனை! மேல் ஓட்டையையும் திரும்புகிற ஓட்டையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து விட்டிருந்தாலும் பல்பு அதேபோல் பளிச்சென்று எரியும். எர்த் இருப்பதாகப் பல்பு பொய் சொல்லும். திரும்பும் வழியில் தேங்கிய கரண்டு முழுவதையும் அவள் போட்ட பச்சைக் கம்பி பெட்டியின் உடம்புக்கு இழுத்து வந்திருக்கிறது. பாதுகாப்புக்குப் போட்ட கம்பிதான் அடித்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வஜிஹா லைன் வீட்டுக்குப் போனாள். காலில் ரப்பர் செருப்பு, தோளில் நீள ஒயர் சுருள், கையில் பல்பு ஹோல்டரும் ஒரு கடப்பாரைத் துண்டும். முதலில் அண்ணாந்து பார்த்தாள். வெங்கடப்பனின் கிணற்று மோட்டார் அறையிலிருந்து கம்பம் கம்பமாக லைன் வீட்டுக்கு வந்த கம்பிகளை எண்ணினாள். எண்ண அதிக நேரம் ஆகவில்லை. ஒன்று. மறுபடி எண்ணினாள். ஒன்றேதான். திரும்பிப் போகிற கம்பி இல்லவே இல்லை.

வெங்கடப்பனுக்குச் சேதி போய், அவர் புல்லட்டில் வந்து இறங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் திம்மராயன், லைன் வீட்டுக்கு ஒயரிங் செய்தவர். சரோஜம்மாள் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"கடை காலி பண்ணச் சொன்னா என் வூட்டுல வந்து கடப்பாரை போடறியா?"

"அரைமணி நேரம் நில்லுங்கண்ணா. என் தப்புன்னு தெரிஞ்சா நானே ஷட்டர இழுத்துச் சாவியக் குடுத்துடறன்."

சொட்டுநீர் பாய்ந்து ஈரமாக இருந்த தக்காளிப் பாத்தியில், வீட்டிலிருந்து நூறடி தள்ளி, கடப்பாரைத் துண்டை அடித்து இறக்கினாள். அதிலிருந்து ஒயரை இழுத்து வந்து பல்பின் ஒரு காலில் மாட்டினாள். காய்ந்த பலகை ஒன்றின்மேல் ஏறி நின்றாள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் பல்பின் இன்னொரு கம்பியைச் சுவிட்ச் போர்டின் மேல் ஓட்டையில் செருகினாள்.

பல்பு எரியவில்லை.

வெங்கடப்பன் சிரித்தார். "ஆச்சா? சாவி எங்க?"

"எர்த்துன்னா இப்படித்தான் இருக்கணும். பல்பு எரியக் கூடாது. இப்ப மணி மூணே முக்கா. முனி டியூட்டிக்கு வர்ற நேரம் ஆவட்டும்."

சரோஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு பத்துக்குக் கம்பெனி பஸ் வந்தது. நீலச் சட்டைப் பெண்கள் இறங்கி, வாசலில் கூட்டத்தைப் பார்த்து ஓடிவந்தார்கள். வஜிஹா பலகைமேல் நின்றபடியே கத்தினாள்.

"பிரியா! மொத வூடு அடுப்பப் போடச் சொல்லு! யாரும் இரும்புல கை வெக்காதீங்க!"

முதல் வீட்டில் அடுப்பு ஏறியது. பல்புக்குள் இழை கறுப்பாகவே இருந்தது. இரண்டாவது வீடு. ஒன்றுமில்லை. மூன்றாவது வீட்டில் போட்டதும் ஒரு பெண் மூச்சை இழுத்தாள். இழை மங்கிய சிவப்பாய், பீடி நெருப்பு மாதிரி தெரிந்தது.

"நாலு!"

சிவப்பு தெளிந்தது.

"அஞ்சு! ஆறு!"

ஆரஞ்சு. கூரையில் மின்விசிறி நொண்ட ஆரம்பித்தது. பெண்கள் இப்போது சேர்ந்தே எண்ணினார்கள். ஏழு! எட்டு! பல்பு மஞ்சளாக எரிந்தது. வஜிஹாவின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தது. பத்தாவது அடுப்பும் ஏறியபோது, கரண்டே இருக்கக் கூடாத ஓட்டையிலிருந்து ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இதுதான் பிரவீனாவப் புடிச்சது" என்றாள். "இப்ப முனியப் பாக்கலாம், வாங்க."

ஒயரை இழுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். பலகையைத் தூக்கிக்கொண்டு பிரியா பின்னால் ஓடினாள். மஞ்சள் துணி சுற்றிய போர்க்குழாய். அடியில் எலுமிச்சம்பழம், கற்பூரக் கரி. துணிக்குக் கீழே மண்ணுக்குள்ளிருந்து வந்த ஒரு கம்பி குழாயில் முறுக்கியிருந்தது. வஜிஹா பலகைமேல் நின்று, பல்பின் கம்பியை நீட்டிக் குழாயில் வைத்தாள்.

முனி எரிந்தது. அதே மஞ்சள் வெளிச்சம்.

"அடுப்ப அணைங்கடி!"

உள்ளே பெண்கள் ஒவ்வொரு வீடாக ஓடி அணைத்தார்கள். பல்பு சிவந்து, சுருங்கி, செத்தது.

"போடுங்க!"

மறுபடி எரிந்தது. இப்போது எல்லாப் பெண்களும் ஓவென்று கத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

"முனி எத்தன வாட்டுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அடுப்பு எத்தனையோ அத்தன! நீங்க சமைச்சாத்தான் அதுக்குச் சாப்பாடு!"

வெங்கடப்பன் சிரிக்கவில்லை. திம்மராயன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இப்படியா ஒயரிங் பண்ண?"

"நனகே கொத்தில்ல, எனக்குத் தெரியாதுன்னு சொல்லட்டா?" என்றார் திம்மராயன் கன்னடத்தில் ஆரம்பித்து. "எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ரெண்டு கம்பி இழுக்கணும்னேன். ஒண்ணே போதும், அந்தச் செத்த போர்ல சேத்து உடுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் வயித்துப் பொழப்புக்காரன், உட்டேன். எர்த் ஓட்டையிலயும் நான்தான் துண்டு ஒயரு போட்டேன், புள்ளைங்க டெஸ்டு பண்ணுனா எரியட்டும்னு."

"இவர மட்டும் புடிக்காதீங்க" என்றாள் வஜிஹா. பெண்கள் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நானும் தப்பு பண்ணுனேன். மூணாவது கம்பிய மாட்டுனவ நான். இங்க வந்து என் கண்ணால பாக்காம, போன்ல கேட்டு நம்பிட்டேன். பிரவீனா கையில என் பங்கும் இருக்குது. அது எனக்கு மறக்காது. ஆனா இன்னைக்கு இந்த பல்ப பாத்தப்புறம் இந்த வூட்டுல எவளாவது அடுப்பு பத்த வெச்சா, அது நம்ம தப்பு."

பிரியா போய் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்து வஜிஹாவின் கையில் கொடுத்தாள்.

"என் கட்டடம்!" என்றார் வெங்கடப்பன்.

"எங்க உசுரு" என்றாள் பிரியா. மற்ற பெண்கள் பாய்களை எடுத்து வந்து வாசலில் விரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலையில் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் இந்த வாசலிலிருந்து ஒருத்தியும் ஏறமாட்டாள் என்று அவர்கள் சொன்னபோது அவருடைய முகம் மாறியது. அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டவில்லை. திம்மராயன் கம்பம் ஏறி இரண்டாவது கம்பி இழுத்தார். கடையைக் காலி செய்யும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கம்பி வந்ததும் வஜிஹா ஃபியூஸைத் திருப்பிக் கொடுத்தாள். ஒழுங்கான எர்த் குழி ஒன்று தோண்ட வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார் வெங்கடப்பன். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வாரம் அவருடைய மனைவி ரங்கம்மாவிடமிருந்து போன். பேரிகை வீட்டில் ஹோம் தியேட்டர் டிஸ்க்கை விழுங்கிக்கொண்டு துப்ப மாட்டேன் என்கிறது. உள்ளே மாட்டியிருப்பது மகள் கல்யாண டிஸ்க். சம்பந்தி வீட்டார் மத்தியானம் வருகிறார்கள்.

"உன்னையேதான் கூப்புடச் சொன்னாரு" என்றாள் ரங்கம்மா.

வஜிஹா போனாள். பெட்டியைப் பிரிக்குமுன் வீட்டைப் பார்ப்பது இப்போது அவளுடைய முதல் வேலை. தன் பல்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். சுற்றுச்சுவர் ஓரத்தில் நின்றுவிட்டாள். சிமெண்டுத் தொட்டி, மேலே இரும்பு மூடி, உள்ளிருந்து கட்டை விரல் மொத்தத்தில் செப்புக் கம்பி. மூடியைத் தூக்கினாள். கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்றி வைத்திருந்த எர்த் குழி. அவள் வேலை பார்த்த கம்பெனியில்கூட இவ்வளவு நேர்த்தியாக ஒன்றைக் கண்டதில்லை.

வெங்கடப்பன் பின்னால் வந்து நின்றார்.

"எவ்ளோ ஆழம்ணா?"

"எட்டடி." பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் பார்த்தார், அவள் தன்னைப் பார்க்கும் பார்வையை.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் வஜிஹா. "இது எதுக்குன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார்.

வஜிஹா கூடத்துக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள். மூடியின் ஆறு திருகையும் கழற்றித் தன் டப்பாவில் போட்டாள். கெப்பாசிட்டரில் பல்பை வைத்து மின்ன விட்டாள். தட்டு ஏன் வெளியே வரவில்லை என்று அவளுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது: ஒரு ரப்பர் வளையம் அறுந்திருந்தது. பத்து நிமிஷ வேலை. அவள் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கால் நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தாள்.

"என்னாம்மா, கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள் ரங்கம்மா.

"கண்டுபுடிச்சிட்டேன். லைன் வூட்டுக்குப் பின்னால எட்டடிக் குழி தோண்டணும். தோண்ட ஆரம்பிச்சு அங்கேர்ந்து பிரியா எனக்கு போன் பண்ணுனா, உங்க டிஸ்க் வெளிய வந்துடும்."

"அதுக்கும் இதுக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

வஜிஹா எல்லாவற்றையும் சொன்னாள்: ஒற்றைக் கம்பி, செத்த போர், பிரவீனாவின் உள்ளங்கை. ரங்கம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்ததும் வாசல் பக்கம் திரும்பிப் போட்ட சத்தம் பேரிகைச் சந்தைவரை கேட்டிருக்கும்.

"யோவ்! அங்க என்னா முனகிக்கினு நிக்கற? பொக்லைன்காரனுக்கு போன் போடு! சம்பந்தி ரெண்டு மணிக்கு வராங்க!"

வெங்கடப்பன் போனை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால்.

"டீ போடட்டா?" என்றாள் ரங்கம்மா.

"போடுங்க" என்றாள் வஜிஹா.